உயிர் போன பிறகு உடம்பு ஏன் விறைக்கிறது? சக்தி தீர்ந்தால் தளரத்தானே வேண்டும்?

காவிரிக்கரை:

போன மாதம் எங்கள் அப்பாயி தவறிவிட்டார். வீட்டில்தான், விடியற்காலை நான்கு மணி வாக்கில், நான் பக்கத்திலேயே இருந்தேன். மூச்சு நின்ற கால் மணி நேரத்துக்குள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, அழுதுகொண்டிருந்த எங்களை விலக்கிவிட்டு, கண்களை மூடி, தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். "இப்பவே கட்டலேன்னா விறைச்சிரும்ப்பா, அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அந்த அவசரத்தில் கைகளை நேராக வைக்க யாருக்கும் தோன்றவில்லை, இரண்டும் மடங்கியபடி நெஞ்சுமேல் கிடந்தன.

அப்போது கை துவண்டுதான் இருந்தது, நான் பிடித்துக்கொண்டிருந்ததால் நன்றாகத் தெரியும். மதியம் வளையலைக் கழற்றப் போனபோது கட்டை போல ஆகியிருந்தது. உறவினர் ஒருவர் வலது கையை அழுத்தி நீட்டினார், உள்ளே ஏதோ அறுந்தது போல இருந்தது, அம்மா அலறிவிட்டார். அதற்குப் பிறகு வலது கை விறைக்கவே இல்லை. இடது கை மட்டும், சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்து மறுநாள் சாயங்காலம் எடுக்கும்வரை, ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்படியே விறைப்பாக இருந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். தசை சுருங்க, செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும் என்று பிளஸ் ஒன்னில் படித்திருக்கிறேன், ஆக்டின், மயோசின் என்ற தசைப் புரதங்களின் பெயர்களும் மறக்கவில்லை. மூச்சு நின்றால் சக்தியும் நின்றுவிடும், அப்படியானால் தசை எல்லாம் தளர்ந்து தொங்க வேண்டாமா? முதலில் தளர்ந்திருந்தது பிறகு எப்படி இறுகியது, யார் இறுக்கினார்கள்? நீட்டிவிட்ட கை ஏன் திரும்ப விறைக்கவில்லை? அம்மா இன்னமும் தினமும் "அவங்களுக்கு வலிச்சிருக்குமோ" என்று கேட்கிறார், அதற்காகவும்தான் கேட்கிறேன்.

பிளஸ்டூ விலங்கியல்:

உங்கள் அப்பாயிக்கு என் அஞ்சலி. முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: வலிக்கவில்லை. நரம்பு வழியாகச் செய்தி போய் மூளை அதை வாங்கிக்கொண்டால்தான் வலி, அந்த நேரத்தில் வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அந்த உறவினர் செய்ததும் தப்பில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குழம்பியதற்கு என்னைப் போன்றவர்கள்தான் பொறுப்பு. "தசை சுருங்க ஏடிபி தேவை" என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதிப் போடுகிறோம், பிள்ளைகள் அதை ஏடிபி இருந்தால் இறுகும், இல்லாவிட்டால் தளரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிடித்த பிடியை விடுவதற்கும் ஏடிபி வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

தசை நாருக்குள் நுண்ணிழைகள் நீளவாக்கில் நெருக்கமாக ஓடுகின்றன, ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் என்னும் கண்ணிகள் வரிசையாகச் சேர்ந்தது. ஓய்வில் ஒரு கண்ணி 2 முதல் 2.5 மைக்ரான் நீளம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் நானூறுக்கு மேல் அடங்கும். கண்ணியின் நடுவில் தடித்த மயோசின் இழைகள், 1.6 மைக்ரான் நீளம். இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் மெல்லிய ஆக்டின் இழைகள், சுமார் 1 மைக்ரான் நீளம், நடுவை நோக்கி நீண்டு மயோசின் இழைகளின் இடுக்குகளில் கொஞ்ச தூரம் நுழைந்திருக்கும். தசை சுருங்கும்போது இந்த இரண்டு இழைகளில் எதுவுமே குட்டையாவதில்லை. திறந்த தீப்பெட்டியைத் தள்ளி மூடுகிறோம், உள்ளே இருக்கும் தட்டும் சுருங்கவில்லை, வெளிக்கூடும் சுருங்கவில்லை, மொத்த நீளம் மட்டும் குறைகிறது இல்லையா, அதேதான் இங்கேயும். ஆக்டின் உள்ளே நழுவுகிறது, சுவர்கள் நெருங்குகின்றன. 1954-இல் நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து இதைச் சொல்லின. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கும் எழுதியது, மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை, வகுப்பில் வருடம் தவறாமல் யாராவது கேட்பார்கள்.

சரி, நழுவ வைப்பது யார்? மயோசின் இழையிலிருந்து சின்னச் சின்னத் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் இழைக்குச் சுமார் 300 மூலக்கூறுகள், மூலக்கூறுக்கு இரண்டு தலை. கிணற்றில் வாளி இறைப்பதை நினைத்துப் பாருங்கள். கயிற்றைப் பிடிக்கிறோம், இழுக்கிறோம், அந்தக் கை பிடியை விட்டு மேலே போய்த் திரும்பப் பிடிக்கிறது. பிடியை விடாமல் ஒரே இடத்தைப் பற்றிக்கொண்டே நின்றால் வாளி ஏறாது, இறங்கவும் இறங்காது. மயோசின் தலையும் அப்படித்தான் ஆக்டினைப் பிடித்து நடுப்பக்கம் சாய்த்து இழுக்கிறது. இழுத்து முடிந்ததும் அது தானாக விடாது, ஒட்டிக்கொண்டே நிற்கும். புதிதாக ஓர் ஏடிபி மூலக்கூறு வந்து தலையில் உட்கார்ந்தால்தான் பிடி கழலும். கழன்ற பிறகு அந்த ஏடிபி உடைந்து, ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டைபாஸ்பேட்டாகவும் தனிப் பாஸ்பேட்டாகவும் ஆகிறது.

அடினோசின் டைபாஸ்பேட்டின் சுருக்கமும் தமிழில் ஏடிபி என்றே ஆகிவிடுவதால் இனி இதை டைபாஸ்பேட் என்றே சொல்கிறேன். அந்த உடைப்பில் வரும் சக்தி தலையைப் பின்னுக்கு வளைத்து, வில்லில் நாண் ஏற்றியது போல் தயாராக வைக்கிறது. தலை மறுபடி ஆக்டினில் ஒட்டி, பாஸ்பேட் வெளியேறும்போது விசையோடு சாய்கிறது, பிறகு டைபாஸ்பேட்டும் போய்விடும், அடுத்த ஏடிபி வரும்வரை பிடி இறுகி நிற்கும்.

இந்தக் கடைசி நிலையில் அடுத்த ஏடிபி வரவே இல்லை என்று வையுங்கள். அதுதான் அன்று மதியம் உங்கள் அப்பாயியின் கையில் இருந்தது. புதிதாக யாரும் வந்து இறுக்கவில்லை. கோடிக்கணக்கான தலைகள் பிடித்த இடத்திலேயே பூட்டிக்கொண்டு, விட வழியில்லாமல் நின்றுவிட்டன. விறைப்பு, உடம்பு கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்பதும் இதனால்தான், மடங்கிய கை மடங்கியபடி, திறந்த வாய் திறந்தபடி. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தாடையைக் கட்டிய நேரம் மிகச் சரியான நேரம்.

சந்தைப்பேட்டை:

எங்களுக்கு மூன்று தலைமுறையாக ஆட்டுக்கறிக் கடை. டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை, ஏனென்றால் நான் தினமும் கையால் தொட்டுப் பார்ப்பதை ஒருவர் எழுத்தில் வைத்துவிட்டார்.

வெட்டி உரித்துத் தொங்கவிட்ட புதிதில் தொடைக்கறி சில இடங்களில் தானாகவே துடிக்கும், வாங்க வருபவர்கள் சிலர் பயந்து போவார்கள். கை வைத்தால் கொழகொழவென்று இருக்கும், கத்தி வழுக்கும். சில மணி நேரம் போனால் அதே தொடை விறைத்து நிற்கும், காலை மடக்க முடியாது. மறுநாள்வரை குளிரில் இருந்தால் மறுபடி இளகிவிடும், அந்தக் கறிதான் பிரியாணிக்கு நன்றாக இருக்கும் என்று பெரிய ஓட்டல்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். ஆனால் நம் வாடிக்கையாளர்களுக்குக் கண் முன்னால் வெட்டிக் கொடுத்தால்தான் திருப்தி.

என் சந்தேகம் இரண்டு. ஏடிபி இல்லாமல்தான் விறைக்கிறது என்றால், மறுநாள் இளகும்போது ஏடிபி எங்கிருந்து வந்தது? இன்னொன்று, வெகு தூரம் லாரியில் நின்றே வந்து, இறக்கும்போது மிரண்டு ஓடிய ஆட்டை அன்றே வெட்டினால், விறைப்பு மிகச் சீக்கிரம் வரும், கறியும் கருத்து ஒட்டும்படி இருக்கும். அப்பா அதனால்தான் வந்த ஆட்டை ஒரு நாள் தண்ணீர் காட்டிக் கட்டிப்போட்டுவிட்டு மறுநாள்தான் வெட்டுவார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?

காவிரிக்கரை:

டீச்சர், மிகவும் நன்றி. அம்மாவுக்கு முதல் பத்தியைப் படித்துக் காட்டிவிட்டேன். எனக்கு இன்னும் உறுத்துவது: ஒரு தலை சாய்ந்தால் எவ்வளவு தூரம்தான் இழுக்கும், அதை வைத்து ஒரு கை எப்படி மடங்குகிறது? இழுக்கச் சொல்வது யார்? ஏடிபி தீரும் வரைக்கும் அந்தத் தலைகள் ஏன் சும்மா இருந்தன?

நானோமீட்டர்:

நான் ஆய்வு மாணவன், மயோசின்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தலை ஒரு தடவை சாய்ந்தால் இழுப்பது சுமார் 10 நானோமீட்டர் (ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்பூடிக்கின் குழு, ஓர் ஆக்டின் இழையின் இரு முனைகளிலும் நுண்ணிய மணிகளை ஒட்டி, அந்த மணிகளை லேசர் ஒளியால் பிடித்து நிறுத்தி, ஒற்றை மயோசின் இழுப்பதை நேரடியாக அளந்தது. சராசரியாக 11 நானோமீட்டர், 3 முதல் 4 பிக்கோநியூட்டன் விசை. பின்னால் வந்த அளவீடுகள் பலவும் 5-க்கும் 10-க்கும் நடுவில் நிற்கின்றன. ஒரு மூலக்கூறு இழுப்பதை மனிதன் அளந்துவிட்டான் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தரும் விஷயம்.

இப்போது கணக்குப் போடுவோம். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள தசை நார் ஒன்றில், 2.5 மைக்ரான் கண்ணி என்றால் 40,000 கண்ணிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரான் மட்டும் குறுகினால் போதும், மொத்தம் 2 சென்டிமீட்டர் வந்துவிடும். அந்த அரை மைக்ரானுக்கு, கண்ணியின் ஒரு பாதியில் கால் மைக்ரான் நழுவ வேண்டும், அதாவது 10 நானோமீட்டர் வீதம் 25 இழுப்பு. மேல்கைத் தசை முழங்கை மூட்டுக்கு மிக அருகில் எலும்பில் ஒட்டியிருப்பதால் 2 சென்டிமீட்டர் இழுத்தாலே உள்ளங்கை அதைப்போலப் பல மடங்கு உயரும். நீளமும் வேகமும் கண்ணிகள் வரிசையாக நிற்பதால் கூடுகின்றன, பலம் நார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் கூடுகிறது.

டீச்சரின் கிணற்றுக் கயிறு நல்ல உவமை, ஒரே ஒரு திருத்தம். தசை மயோசினின் இரண்டு தலைகள் நம் இரண்டு கைகள் போல மாற்றி மாற்றிப் பிடிப்பதில்லை, அப்படிக் கால் மாற்றி நடக்கும் மயோசின்கள் செல்லுக்குள் சரக்குச் சுமக்கும் வேறு வகை. தசையில் ஒவ்வொரு தலையும் தன்பாட்டுக்குப் பிடித்து, இழுத்து, விடும். ஆகவே தேர் வடம் இழுக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்வது இன்னும் பொருந்தும். எந்த நேரத்திலும் சிலர் வடத்தை விட்டுக் கை மாற்றிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் பிடித்திருப்பதால் தேர் பின்னுக்கு உருளாது.

இழுக்கச் சொல்வது கால்சியம். ஓய்வில் ஆக்டின் இழையைச் சுற்றி ட்ரோப்போமயோசின் என்ற நீண்ட புரதம் படுத்துக்கொண்டு, தலை ஒட்ட வேண்டிய இடங்களை மறைத்திருக்கும். நரம்பு சொன்னதும் தசைக்குள் இருக்கும் பைகளிலிருந்து கால்சியம் கொட்டும், அது ஆக்டின் இழைமேல் இருக்கும் ட்ரோப்போனின் என்ற இன்னொரு புரதத்தில் ஒட்டும், ட்ரோப்போமயோசின் நகர்ந்து வழிவிடும். ட்ரோப்போனினை 1960-களில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி. வேலை முடிந்ததும் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் இறைக்கும் பம்புகள் உண்டு, அவற்றுக்கும் ஏடிபிதான் கூலி. இறந்த பிறகு பம்பு நிற்கும், கால்சியம் கசிந்து பரவும், மறைத்திருந்த இடங்கள் திறக்கும், தலைகள் போய் ஒட்டும், விடுவதற்கு ஏடிபி இருக்காது. கதவும் திறந்துவிட்டது, பூட்டும் விழுந்துவிட்டது.

சில மணி நேரம் தாமதமாவது ஏன் என்றால், மூச்சு நின்றாலும் தசை உடனே இறந்துவிடுவதில்லை. தசையின் சக்திச் சேமிப்பான கிரியேட்டின் பாஸ்பேட்டும் கிளைக்கோஜனும் மிச்சம் இருக்கும், அவற்றை ஆக்சிஜன் இல்லாமலேயே எரித்து ஏடிபியைக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். விறைப்பு எல்லாத் தசைகளிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் கண்ணிமை, தாடை போன்ற சின்னத் தசைகளில் முதலில் வெளியே தெரியும், கை கால்களில் பிறகு. வெயில் காலத்தில் எல்லாமே சீக்கிரம், குளிரில் தாமதம், வந்த விறைப்பும் குளிரில் வெகு நேரம் நிற்கும். உங்கள் ஃப்ரீசர் பெட்டி அதைத்தான் செய்தது.

இதற்கெல்லாம் மிக அழகான சோதனை ஒன்று உண்டு. ஹங்கேரியில் போர்க்காலத்தில் ஆக்டினையும் மயோசினையும் பிரித்தெடுத்துக் கலந்து, ஏடிபி சேர்த்ததும் அந்தப் புரத நூல் குறுகுவதைக் கண்ட ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி, பிறகு முயலின் தசையைக் கிளிசரினில் ஊறவைத்துக் குளிரில் வைத்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். செல்லின் சவ்வு போய்விடும், ஏடிபி போய்விடும், இழைகள் மட்டும் மிஞ்சும். மாதக்கணக்கில் கிடந்த அந்த விறைத்த தசையை எடுத்து ஏடிபி விட்டால் அது சுருங்கும். நானே செய்து பார்த்திருக்கிறேன். கால்சியத்தை முழுக்க நீக்கிவிட்டு ஏடிபி விட்டால் சுருங்காது, விறைப்பு விட்டு மெத்தென்று ஆகிவிடும். டீச்சர் சொன்ன "விடுவதற்கும் ஏடிபி" என்பதைக் கண்ணால் பார்ப்பதென்றால் அதுதான்.

கால்நடை:

சந்தைப்பேட்டை அண்ணனின் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியும், கால்நடை மருத்துவத்தில் இறைச்சி அறிவியல் படித்தேன்.

மறுநாள் இளகும்போது ஏடிபி எங்கிருந்தும் வரவில்லை. தலைகளின் பிடியும் பெரிதாகக் கழலவில்லை. கால்சியத்தால் தூண்டப்படும் கால்பெயின் என்ற நொதிகள் தசைக்குள்ளேயே இருக்கின்றன, அவை கண்ணிகளின் சுவர்ப் பக்கத்தில் இழைகளைத் தாங்கி நிற்கும் புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகின்றன. பூட்டு திறக்கவில்லை, கதவின் நிலை இற்றுப்போகிறது. ஓட்டல்காரர்கள் விரும்பும் மெதுமை அதிலிருந்துதான் வருகிறது.

காவிரிக்கரையின் மற்றொரு கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. முழுதாக விறைத்த கையை அழுத்தி நீட்டும்போது அந்தப் பிணைப்புகளும் இழைகளும் கிழிகின்றன, புதிதாக இழுத்துப் பிடிக்க ஏடிபி கிடையாது, அதனால் விறைப்பு திரும்புவதில்லை. இன்னும் கொஞ்சம் ஏடிபி மிச்சமிருக்கும் முதல் மணி நேரங்களில் நீட்டியிருந்தால் திரும்ப விறைத்திருக்கும்.

மிரண்ட ஆட்டைப் பற்றி உங்கள் அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. களைத்த ஆட்டின் தசையில் கிளைக்கோஜன் தீர்ந்திருக்கும். அதனால் ஏடிபி சீக்கிரம் காலியாகி விறைப்பு உடனே வரும். சாதாரணமாக வெட்டிய பின் கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாகி, தசையின் பிஎச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 7-லிருந்து 5.5 பக்கம் இறங்கும். கிளைக்கோஜன் இல்லாவிட்டால் அமிலமும் இல்லை, பிஎச் உயரமாகவே நிற்கும், கறி கருத்து, இறுகி, ஒட்டும், சீக்கிரம் கெடவும் செய்யும். ஒரு நாள் ஓய்வும் தண்ணீரும் தருவது விலங்குக்கும் நல்லது, கறிக்கும் நல்லது.

வீட்டில் சமைப்பவர்களுக்கு ஒன்று. வெட்டிய சூட்டோடு வாங்கிய கறியை நேராக ஃப்ரீஸரில் போடாதீர்கள். விறைப்பு வருவதற்கு முன்னால், ஏடிபி மிச்சமிருக்கும்போதே குளிர் அடித்தால் கால்சியப் பம்பு தளர்ந்து, கால்சியம் கொட்டி, தசை வெறித்தனமாகச் சுருங்கிவிடும். நியூசிலாந்தில் ஆட்டிறைச்சியை ஏற்றுமதிக்காக வேகமாகக் குளிரூட்டியபோது செருப்புத் தோல் போல ஆனதற்குக் காரணம் இதுதான் என்று 1960-களில் தெரிந்தது. அதன் பிறகு வெட்டியவுடன் உடலுக்குள் மின்சாரம் பாய்ச்சி, தசையை வேலை வாங்கி ஏடிபியை முதலிலேயே தீர்த்துவிட்டுக் குளிரூட்டும் முறை வந்தது. விறைப்பு வருவதற்கு முன்பே உறையவைத்த கறி இளகும்போதும் இந்தச் சுருக்கம் வரும், நிறையத் தண்ணீர் விடும், பார்த்திருப்பீர்கள்.

சந்தைப்பேட்டை:

தண்ணீர் விடுகிறது என்று எத்தனை பேர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், நான் ஊசி போட்டுத் தண்ணீர் ஏற்றியதாகவே சொல்லிவிடுவார்கள். இனி பொட்டலம் கட்டும்போதே சொல்லிவிடுகிறேன். நன்றி தம்பி.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் அம்மாவிடம் தீப்பெட்டியை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப நான் கையைப் பிடிச்சப்ப அவங்க இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருந்துச்சே, அது அவங்க இல்லையா?" அது எந்த நேரம் என்று கேட்டேன். விடியற்காலை, மூச்சு நிற்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் என்றார். அப்படியானால் அது அப்பாயிதான் என்றேன், அந்த நேரத்தில் இறுக்கவும் விடவும் அவருக்கு ஏடிபி இருந்தது.